குழாயடிக்குச் சட்டம் போட்ட அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. துபாய் கராமாவில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கும், ஊரில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும், போடாத சொந்தங்களுக்கும் சேர்த்தே இந்த நினைவு மலரைத் தருகிறோம்.

பரமக்குடிக்குக் கிழக்கே, மழையை நம்பிய ஒரு சிற்றூரில் அப்பா பிறந்தார். தகப்பனாரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்ததால் படிப்பு பாதியில் நின்றது. மதுரையில் பிளம்பர் வேலை கற்று, துபாய்க்கு வந்தார். கராமாவில் கட்டில்மேல் கட்டில் போட்ட அறை. குளியலறை ஒன்றுதான், காலையில் அதன் வாசலில் தினமும் சண்டை. அப்பாதான் சட்டம் போட்டார்: யார் முதலில் டூட்டிக்குக் கிளம்புகிறாரோ அவர் முதலில் குளிக்கலாம். சூப்பர்வைசர் என்றாலும் சலுகை கிடையாது.

"கலாஸ், முடிஞ்சது! இனி நம்ம ரூமுக்கு நீர்தான் பிரசிடென்ட்" என்றார் காயல்பட்டினத்து நண்பர்.

கேலி பலித்தது. ஊர் திரும்பிய அப்பா ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். வளைகுடாவில் இருந்த எங்கள் ஊர் ஆண்கள் வீட்டுக்குப் போன் போட்டு ஓட்டுக் கேட்டார்கள். அப்பா வென்றார்.

ஊர்க்குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். பெரிய வீட்டுக் குடங்களே முன்னால் நிற்கும். மிளகாய்ப்பழம் எடுக்கப் போகும் பெண்கள் காத்துநின்று வெறுங்குடத்தோடு திரும்புவார்கள். அப்பா கராமா சட்டத்தை அப்படியே தீர்மானமாக்கினார்: முதலில் வேலைக்குப் போகிறவருக்கே முதல் தண்ணீர்.

கராமா அறையில் எல்லோருக்கும் டூட்டி இருந்தது; ஊரில் அப்படி இல்லை என்பதை அப்பா யோசிக்கவில்லை. அவருடைய அக்காவே, எங்கள் அத்தைதான், சண்டைக்கு வந்தார்.

"ஏன்டா தம்பி, நானும் அவளுகளுக்குப் பின்னாடி நிக்கணுமா?"

"நீங்க எங்கக்கா கெளம்பப் போறீக?" என்று அப்பா சிரித்துவிட்டார். அதோடு அத்தை அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

தீர்மானத்தை மாற்றினால் அடுத்த முறையும் நீதான் தலைவர் என்று பெரிய வீடுகளிலிருந்து தூது வந்தது. அப்பா மாற்றவில்லை, தோற்றார். மறுபடியும் ஸ்பானரோடு ஷார்ஜா தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். தொழிலாளர் கேம்பில் எல்லோரும் 'பிரசிடென்ட்' என்றே கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அதில் ரகசியப் பெருமை.

நான் திருமணமாகி ஷார்ஜாவில் இருந்தேன். விடுமுறை நாளில் என் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டபடி பழைய ரூம் கதைகளைச் சொல்வார். அந்த மதியங்களுக்காக இப்போதும் மனம் ஏங்குகிறது. அம்மாவுக்குப் போன் போட்டால் அப்பா முதலில் கேட்பது, "குழாயடியில யாரு முன்னாடி நிக்கிறாக?" என்பதுதான். புதுத் தலைவர் வரிசையை மாற்றப் பார்த்தும் மிளகாய்க்காட்டுப் பெண்கள் குடத்தை நகர்த்தவில்லை என்று அம்மா சொன்ன அன்று, அப்பா என்னைக் கேசரி கிண்டச் சொன்னார்.

உடம்பு முடியாமல் ஊருக்குப் போனவர், சில மாதங்களில் எங்களை விட்டுப் போய்விட்டார். அவரைத் தாங்கிப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஒரே பகலில் எனக்கு டிக்கெட் எடுத்து ஏற்றிவிட்ட கராமா நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

அந்த மிளகாய்க்காட்டுப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, விடியற்காலையில் அத்தையும் நானும் குழாயடிக்குப் போனோம். அத்தை வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற பெண் தன் குடத்தை எடுத்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்து முன்னே கூட்டி வந்தார்.

"நீங்க பிடிங்க ஆத்தா. இன்னைக்கு மொதல்ல கெளம்புறது அவுகதானே."