யோகா பார்த்துக்கொண்டாள்

போன வாரம் ஒரு பயிற்சிப் பட்டறை. தேநீர் இடைவேளையில் சித்தாண்டியைச் சேர்ந்த ஒரு இளம் தாதி, கையில் கப்போடு என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“மிஸி, நீங்க மாஸ்டர்ஸ் செய்யக்குள்ள உங்கட புள்ளைகள் சின்னனா?”

“ஓம். மகளுக்கு எட்டு வயசு, மகனுக்கு அஞ்சு.”

“அப்ப புள்ளைகள என்ன செஞ்ச நீங்க?”

“யோகாவிட்ட விட்டன்.”

அவள் முகத்தில் குழப்பம். “யோகா வகுப்பிலயா மிஸி?”

சிரித்ததில் எனக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் என் காலத்தவர்களுக்கு யோகா என்றால் ஒரே ஒரு ஆள்தான் — யோகேஸ்வரி. இந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? உங்களுக்கும் தெரியாது. இந்தப் பக்கத்தில் எதையெதையோ எழுதியிருக்கிறேன், அவளைப் பற்றி எழுதியதில்லை. எழுதக் கூடாது என்பது அவளுடைய கட்டளை. பட்டறைக் கதையைச் சொன்னதும் கொஞ்சம் இளகினாள்.

“சரி, எழுது. ஆனா வாசிக்கிற ஆக்கள் அழுற மாதிரி எழுதாத.”

முயற்சி செய்கிறேன்...

நானும் யோகாவும் ஒரே பேட்ச். பயிற்சிக் காலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பிறகு ஒரே ஆஸ்பத்திரி. கல்யாணம், பிள்ளைப்பேறு, நைட் டியூட்டி எல்லாவற்றுக்கும் நடுவே தொலைக்கல்வியில் பட்டப்படிப்பையும் சேர்ந்தே முடித்தோம். அவள் வீடு கல்லடியில், கடலுக்குப் பக்கம். என் வீடு தன்னாமுனையில், வாவிக்குப் பக்கம். டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் யாராவது ஒருத்தியின் முற்றத்தில் பிள்ளைகள் மண் அளைந்து விளையாடுவார்கள், நாங்கள் இங்கிலீஷோடு மல்லுக்கட்டுவோம். அவளுக்கு இரண்டு மகள்கள். என் மகளுக்கு அவர்கள்தான் அக்காமார்.

2004ஆம் ஆண்டின் கடைசியில், கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம் தாதியியல் முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ் படிப்புக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டோம். இருவரும் விண்ணப்பித்தோம். ஜனவரியில் நேர்முகத் தேர்வு. வார்ட்டில் மருந்து ட்ரொலியைத் தள்ளிக்கொண்டே ஒத்திகை நடக்கும். அவள் தேர்வாளர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னை இங்கிலீஷில் கேள்வி கேட்பாள். நான் திக்கினால் கட்டிலில் கிடக்கும் நோயாளிகள் சிரிப்பார்கள். எங்களுக்கு இடம் கிடைக்காமல் போகலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அப்படி ஒரு தைரியம்.

டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. இருவருக்கும் காலை டியூட்டி.

முதலில் வந்தவர்கள் நனைந்த உடுப்போடு ஓடி வந்தார்கள். “கடல் வந்துட்டு” என்றார்கள். கடல் எப்படி வரும்? கேட்டுக்கொண்டு நிற்கும்போதே தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். யோகா வாசலில் நின்றாள். கொண்டுவரப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் இருந்த சேற்றைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாளா, தன் பிள்ளையா என்று பார்த்தாளா... நான் கேட்டதில்லை. அவள் கை மட்டும் நிற்கவில்லை. பின்னேரம் அவளுடைய தம்பி வந்து வாசலில் நின்றான். அவள் கையுறையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு அவனோடு போனாள்.

பெரியவளின் உடல் கிடைத்தது. சின்னவள் கிடைக்கவேயில்லை. அன்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த யோகாவின் அம்மாவும் போய்விட்டார்.

ஜனவரி நேர்முகத்துக்கு நாங்கள் போகவில்லை. அதைப் பற்றிப் பேசவுமில்லை. சில மாதங்களில் யோகா வேலைக்குத் திரும்பினாள். எல்லா வார்ட்டிலும் வேலை செய்தாள், பிள்ளைகள் வார்ட்டைத் தவிர. யாரும் வற்புறுத்தவில்லை. அவள் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். என் வீட்டுக்கு வருவதை அவள் நிறுத்தியிருந்தாள். ஏன் என்று நான் கேட்பேனா?

பிறகு 2007. வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சண்டைக்குத் தப்பிச் சனம் சனமாக இடம்பெயர்ந்து வந்த காலம். பள்ளிக்கூடங்கள் எல்லாம் முகாம்கள். முகாம் ஒன்றில் எங்கள் இருவருக்கும் டியூட்டி போட்டார்கள். கூடவே, பயிற்சி முடித்த கையோடு வந்த சில புதுத் தாதிகள். முகாமில் வயிற்றோட்டம் பரவியது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று நான் செய்து காட்டினேன். ஒருத்தி கேட்டாள், “ஏன் மிஸி இப்பிடிச் செய்யிற?”

ஏன்? பழக்கத்தில் செய்கிறேன். சரியாகத்தான் செய்கிறேன். ஆனால் காரணத்தை அவளுக்கு ஒழுங்காக விளங்கப்படுத்த முடியவில்லை. அந்த முகாமில் நின்றபடியே முடிவெடுத்தேன் — இந்தப் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்க வேண்டும். அதற்கு முதலில் நான் படிக்க வேண்டும்.

அடுத்த வருடம் அதே படிப்புக்கு மறுபடி விண்ணப்பம் கோரினார்கள். நான் ரெடி. வீடு?

ஒரு வருடம் கொழும்பிலேயே தங்க வேண்டும். என் கணவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்த பிறகு உன்னிச்சைக் குளத்துப் பக்கம் திருத்த வேலைகள். திங்கள் போனால் வெள்ளிதான் வீடு திரும்புவார். மாமிக்குக் கண் பார்வை மங்கல். என் அம்மா உயிரோடு இல்லை.

“நீ போய்ப் படி. புள்ளைகள நான் பாக்கிறன்” என்றார் கணவர்.

“எப்பிடி? குளத்துக் கட்டில நிண்டு போன்லயா?”

அவர் சோற்றைப் பிசைந்தார். நல்ல மனம். நல்ல மனம் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னல் போடுமா?

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மனதில் நிறுத்திப் பார்த்தேன். யாரும் சரிவரவில்லை. ஒருத்தியை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவே துணியவில்லை. அந்த ஒருத்தி லினன் அறையில் வைத்து என்னை மறித்தாள்.

“கொழும்புக்கு விண்ணப்பம் போடப் போறியாமே?”

“யோசிக்கிறன் கா.”

“புள்ளைகளப் பாக்க ஆள் தேடுறியாம். ஊரெல்லாம் கேட்டிரிக்காய். என்னட்ட ஏன் கேக்கல?”

நான் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே இருந்தேன்.

“கேட்டா நான் அழுவன் எண்டு நினைச்ச. அதான?”

“ஓம்.”

“அழுவன்தான். அழுதுபோட்டு மறுகா சோறாக்கிக் குடுப்பன். அதில என்ன இரிக்கு?”

எனக்குத்தான் அழுகை வந்தது. பெட்ஷீட்டால் முகத்தைத் துடைத்தேன். “இது சலவைக்குப் போய் வந்தது கா, பழுதாக்காத” என்று பறித்து வைத்தாள்.

“நீயும் போடன் யோகா. ரெண்டு பேரும் போவம்.”

“எனக்கு ஏலாது. அந்தப் புத்தகங்களத் திறந்தா அந்த ஞாயித்துக்கிழமைதான் வருது. நீ போ.”

அந்த மாதமே அவள் தன் பெட்டியோடு தன்னாமுனைக்கு வந்துவிட்டாள். ஊர் சும்மா இருக்குமா? பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறாளாம், ராசி பார்க்க வேண்டாமா என்று மாமியின் காதில் ஓதினார்கள். மாமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. யோகாவைக் கூப்பிட்டு, “புள்ள, என்ட கண்ணுக்கு விடுற மருந்தையும் நீதான் விடோணும்” என்றார். கதை அத்தோடு முடிந்தது.

விண்ணப்பித்து, நேர்முகத்துக்குப் போனேன். சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி, சாரி கசங்கி, கொழும்பு போய்ச் சேர்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான் ஏன் படிக்க விரும்புகிறேன் என்று முகாமில் நடந்ததைச் சொன்னேன். இங்கிலீஷ் அங்கங்கே நொண்டியது. விஷயம் நொண்டவில்லை. கடைசியில் ஒரு பேராசிரியை கேட்டார், “உங்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். அவர்களை யார் பார்ப்பார்கள்?”

எனக்கு முன் உள்ளே போய் வந்த ஆண் தாதியிடம் இதைக் கேட்டிருப்பார்களா? தெரியாது. என்னிடம் பதில் இருந்தது.

“என்னைவிடத் திறமையான ஒரு தாதி, மேடம்.”

மூவரும் சிரித்தார்கள். இடம் கிடைத்தது.

படிப்பு கஷ்டம் என்று நான் சொல்லப்போவதில்லை. பிடித்த வேலை. நான் கெட்டியாகப் படித்தேன். கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. ஒருமுறை மகனுக்கு டெங்கு. செய்தி கேட்டதும் பஸ் பிடித்து ஓடினேன். ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்ட்டில், அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் யோகா உட்கார்ந்திருந்தாள். ஆம், அந்த வார்ட்டில்தான்.

மகன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, “யோகாம்மா, தண்ணி” என்றான்.

தண்ணீர்ப் போத்தல் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்து அவளிடம் கொடுத்தேன். வெளியே வந்ததும் சொன்னேன், “போதும் கா. நான் படிப்ப விடப் போறன்.”

யோகாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன்.

“இந்த வார்ட்டு வாசலில எவ்வளவு நேரம் நிண்டிட்டு உள்ள வந்த நான் எண்டு உனக்குத் தெரியுமா? உன்ட மகன் கூப்பிட்டவன். அதால வந்த. வந்து இரிந்திட்டன். இப்ப எனக்கு ஒண்டும் ஆகல்ல. நீ விட்டுட்டு வந்தா நான் எங்க போற? அவனுக்குப் பிளேட்லெட் ஏறுது. நீ சோதனைக்குப் போ.”

மகன் வீடு வந்து சேர்ந்த பிறகு போனேன். வேறு என்ன செய்வது?

2009 மே மாதம் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது யுத்தம் முடிந்தது. தெருவில் கொண்டாட்ட வெடி. நான் தங்கியிருந்த அறையின் ஜன்னலை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சண்டை ஓய்ந்துவிட்டதே என்று ஆறுதல். சண்டை நடந்த பக்கம் இருந்த சனத்துக்கு என்ன ஆனதோ என்று நெஞ்சில் பாரம். இரண்டும் ஒன்றாக. யோகா போன் எடுத்தாள்.

“வெளியில போகாத.”

“போகல்ல.”

“புள்ளைகள் சாப்பிட்டுட்டுகள். இனிச் சண்டை இல்லையா எண்டு மகள் கேட்டவள். ஓம் எண்டு சொன்னன். சரியா?”

“சரி.”

“அப்ப படி.”

படித்தேன். நல்லாகவே பாஸானேன். இன்றைக்கு எத்தனையோ தாதிகளுக்குப் படிப்பிக்கிறேன். ‘ஏன் மிஸி?’ என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியும். நான் திரும்பி வந்த பிறகு யோகா தானாகவே கேட்டுப் பிள்ளைகள் வார்ட்டுக்கு மாறிப் போனாள். இப்போது அந்த வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் அவள். என் மாணவிகளைச் செய்முறைப் பயிற்சிக்கு அங்கேதான் அனுப்புகிறேன். ஏச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள், வேலை பழகிக்கொண்டும் வருவார்கள்.

சித்தாண்டிப் பிள்ளைக்கும் இதைத்தான் சொன்னேன். வீடு, வேலை, படிப்பு மூன்றையும் ஒரு பெண் தனியாகத் தூக்கிக் காட்டினாள் என்று யாராவது எழுதினால் நம்பாதே. அந்தக் கட்டுரையில் ஒரு யோகாவின் பெயர் விடுபட்டிருக்கிறது. உன் யோகா யார் என்று பார். அவளிடம் போய்க் கேள். அவள் அழுவாள் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டு கேட்காமல் இருக்காதே.

என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். கூட நிற்க லீவு போடவா என்று கேட்டேன்.

“வேணாம் அம்மா, நீங்க படிப்பிக்கப் போங்க. யோகாம்மா லீவு எடுத்திட்டாவாம்.”

முதுமாணிப் பட்டத்துக்கு வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.