மத்தியானம் பார்க்காத காற்று

அந்தக் கடற்கரை ஊரில் எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கும். சைக்கிள் ஹேண்டில்பார், கதவுத் தாழ்ப்பாள், சட்டைக் காலர்... எல்லாவற்றிலும் உப்பு. தர்மபுரிப் பக்கம் நல்லம்பள்ளியில் வளர்ந்த எனக்கு அது பழகவே ஒரு வருஷம் ஆனது.

எண்பதுகளின் நடுவில், அங்கே ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் நான் சேஃப்டி இன்ஜினியர். ஆட்கள் டேங்க்குக்குள் இறங்கும் முன், உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று ஆக்சிஜன் மீட்டரை விட்டுப் பார்த்து, பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

மாதையன் அங்கே ஃபிட்டர். மாரண்டஹள்ளிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரே மாவட்டம் என்பதால் ஒரு தனி ஒட்டுதல்.

"நம்மூரு தக்காளி இங்க வர்றதுக்குள்ள கூழாயிடுது சார்" என்று சலித்துக்கொள்வார். அவர் ஊருக்குப் போய் வந்தால் எனக்கும் ஒரு பை அவரைக்காய் வரும்.

ஒரு நாள் காலை டேங்க்கைப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். மறுபடி இறங்கும் முன் நான் இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். மேனேஜர் கூப்பிட்டார் என்று மீட்டிங்குக்குப் போய்விட்டேன். காலையில்தானே பார்த்தோம் என்ற நினைப்பு...

அந்த இடைவெளியில், சரியாக மூடாத ஒரு வால்வு வழியாக நைட்ரஜன் உள்ளே கசிந்திருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. நிறமும் கிடையாது. மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். முதலில் இறங்கியவர் மாதையன்.

வெளியே தூக்கியபோது உயிர் இல்லை.

மறுநாள் விடிந்ததும் உடலோடு என்னைத்தான் வேனில் அனுப்பினார்கள். கிளம்பும்போது மேனேஜர் சொன்னார்: "அங்க எதுவும் பேசாதே. அவரே அவசரப்பட்டு இறங்கிட்டாருன்னு ரிப்போர்ட் ரெடியாகுது. வந்து கையெழுத்துப் போடு."

மாரண்டஹள்ளியில் அடக்கம் முடிந்தது. நான் கிளம்பும்போது அவர் மனைவி முனியம்மா வாசலுக்கு வந்தார். அழுது அழுது குரலே இல்லை.

"அவரு சொல்லுவாருங்க... நம்மூரு சார் பாத்துட்டுதான் எங்கள உள்ள வுடுவாருன்னு. அன்னிக்குப் பாத்தீங்களா?"

மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அந்த முகத்துக்கு நேராக எப்படிப் பொய் சொல்வது?

"காலையில பாத்தேங்க. மத்தியானம் பாக்கலீங்க. தப்பு என்னுதுதான். அவரே அவசரப்பட்டு இறங்கினாருன்னு கம்பெனியில எழுதறாங்க, அது பொய்ங்க."

மாதையனின் தம்பி பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். முனியம்மா அவர் கையை விலக்கினார். என் பக்கம் திரும்பினார்.

"இங்க சொன்னத அங்கயும் சொல்லுங்க. எங்கூட்டுக்காரரு அவசரக்காரரு இல்லீங்க. செத்த மனுசனுக்கு அந்தப் பேரு வேணாம்."

திரும்பிப் போய், அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். "உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கற" என்றார் மேனேஜர். சஸ்பெண்ட் ஆனேன். விசாரணை நடந்தது. மாதையன் மேல் தவறில்லை என்று பதிவானது. எனக்கு ப்ரமோஷன் பல வருஷம் தள்ளிப்போனது. அதில் வருத்தமில்லை... வருத்தம் வேறு.

இப்போது ரிட்டையர் ஆகி தர்மபுரியில் இருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சட்டைப் பையிலேயே மீட்டர் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். காற்று கெட்டால் அதுவே கத்தும். அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நமக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று மனசு சாக்குத் தேடும்.

எங்கள் மீட்டரும் நல்ல மீட்டர்தான். அன்றைக்கு மத்தியானம் அது என் மேஜை டிராயரில் இருந்தது.