அனுஷம், விருச்சிக ராசி

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, அண்ணன், நான். ஆனால் கோயிலில் அம்மா ஐந்து பேருக்கு அர்ச்சனை செய்வார். இது இடிக்கிறதே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது வயது ஆக வேண்டியிருந்தது. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

வருடக் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் அப்பா ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஒரு வாரம் லீவு போடுவார். மற்ற பிள்ளைகள் கேமரன் மலை, பினாங்கு என்று போவார்கள். நாங்கள் கோயிலுக்குப் போவோம். ஈப்போவில் குகைக் கோயில், பிறகு சித்தியவானில் ஒன்று, அங்கிருந்து பக்கம்தானே என்று நாங்கள் நச்சரித்தால் லூமுட் கடற்கரை. கடைசி நாள், செமோரைத் தாண்டி, அப்பாவும் அம்மாவும் முன்பு ரப்பர் பால் வெட்டிய தோட்டத்து மாரியம்மன் கோயில். தோட்டம் என்பது பேருக்குத்தான். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளையும் இடித்தாயிற்று. கோயில் மட்டும் நடுக்காட்டில் நின்றது. வெளியிலிருந்து ஒரு பூசாரி மோட்டார் சைக்கிளில் வந்து பூசை செய்துவிட்டுப் போவார்.

காரின் பின் சீட்டில் இந்த ஜன்னல் எனக்கு, அந்த ஜன்னல் அண்ணனுக்கு. நடுவில் அர்ச்சனைக் கூடை. புளிச்சோற்றுப் பொட்டலங்களும் தண்ணீர்ப் போத்தலும் எங்கள் காலடியில் கிடக்க, கூடைக்கு மட்டும் சீட்டு. காலை நீட்டிப் படுக்க முடியவில்லையே என்று அதை நகர்த்தினால் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும். "அது அங்கனயே இருக்கட்டும். ஒங்களுக்கு எடம் பத்தலன்னா நடந்து வாங்க" என்பார்.

சன்னிதியில் அர்ச்சனைச் சீட்டை நீட்டிவிட்டு அம்மா ஒரே மூச்சில் சொல்வார். அப்பாவின் பெயர், உத்திரம், கன்னி ராசி. தன் பெயர், ரோகிணி, ரிஷப ராசி. அண்ணன், சதயம், கும்ப ராசி. நான், பூசம், கடக ராசி. அப்புறம் பெயரே இல்லாமல், குரலைக் கொஞ்சம் இறக்கி, "அனுஷம், விருச்சிக ராசி." கோயில் கூட்டத்தில் இதையெல்லாம் யார் நின்று விசாரிக்கப்போகிறார்கள்? பூசாரிகள் மந்திரத்தோடு மந்திரமாக அதையும் சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எல்லா அர்ச்சனையும் அப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த வருடம் சமய வகுப்பில் இருபத்தேழு நட்சத்திரங்களையும் வரிசை பிசகாமல் ஒப்பித்து ஒரு பென்சில் பெட்டி பரிசு வாங்கியிருந்தேன். தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களின் நட்சத்திரத்தைக் கேட்டு ராசியைச் சொல்லிப் பிராணனை வாங்கினேன். வாயாடி என்று பெயர் எடுத்திருந்தேன். அதில் பெருமை வேறு.

தோட்டத்துக் கோயிலில் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. மழை விட்டிருந்தது. அம்மா சொல்லி முடித்ததும் பூசாரி, "அஞ்சு பேரும்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இல்ல சாமி, நாங்க நாலு பேருதான்" என்று நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்ல யாரும் அனுஷம் இல்ல. அம்மா ஒண்ணு கூட சொல்லிட்டாங்க."

பூசாரி அம்மாவைப் பார்த்தார். "அனுஷம் யாருக்கும்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பூசாரி வயதானவர், புரிந்துகொண்டார் போலும். "தவறிப்போனவங்களுக்கு அர்ச்சனை பண்றதில்லம்மா. வேணும்னா ஒரு மோட்ச தீபம் போடலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"அவ தவறல சாமி" என்றார் அம்மா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "விடுங்க சாமி. நாலு பேருதான்" என்றார். அம்மன் முன்னால் நான்கு பேருக்கு அர்ச்சனை நடந்தது. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அம்மா கை நீட்டவில்லை.

திரும்பும்போது அம்மா கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பின் சீட்டின் நடுவில் முதன்முதலாக ஒன்றுமே இல்லை. எத்தனையோ நாள் சண்டை போட்டுக் கிடைக்காத இடம். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

"நமக்கு மூத்தவ. பொறந்து ஒம்பதாம் நாள் செத்துட்டா. ஒனக்கு மட்டும்தான் தெரியாது. கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

அதற்குப் பிறகு அம்மா எந்தக் கோயிலிலும் அனுஷம் என்று சொன்னதில்லை. என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. "பூசம், கடக ராசி" என்று என்னோடு நிறுத்திவிடுவார். நிறுத்திய பிறகும் உதடு ஒரு கணம் திறந்தே இருக்கும். அம்மா அடுத்ததைச் சொல்வார் என்று பூசாரி காத்திருப்பார். அந்த ஒரு கணத்துக்குப் பயந்தே அடுத்தடுத்த விடுமுறைகளில் தூணுக்குப் பின்னால் போய் நிற்கப் பழகினேன்.

பயம் அதோடு நிற்கவில்லை. நடு இடத்தில் எங்களோடு வந்துகொண்டிருந்த அக்காவைக் காரிலிருந்து இறக்கிவிட்டது நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. காட்டில் நிற்கும் கோயிலில், ஆளில்லாத இடத்தில் இறக்கிவிட்டேன். பெயர்கூட இல்லாதவள் யாரைக் கூப்பிட்டு வழி கேட்பாள்? ஈப்போ குகைக் கோயிலில் உள்ளே போய் என் பெயரை நானே கத்துவது எனக்குப் பிடித்த விளையாட்டு. பாறையில் பட்டு அது திரும்பி வரும். மறுவருடம் அண்ணன் கத்தச் சொல்லியும் நான் கத்தவில்லை. திரும்பி வரும் குரல் என்னுடையதாக இல்லாவிட்டால் என்ன செய்வது? வெளியே படியில் உட்கார்ந்து, எல்லோரும் வரும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் என் காரின் பின் சீட்டில் நடுவில் ஒரு பையையாவது வைக்காமல் என்னால் வண்டியை எடுக்க முடிவதில்லை. கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அப்பா இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அதே தோட்டத்துக் கோயிலுக்கு அவரை நான் கூட்டிப்போனேன். அம்மா வரவில்லை, கால்வலி. கும்பிட்டு முடித்து வெளியே நின்றபோது அப்பா செம்பனை வரிசைகளைப் பார்த்துக்கொண்டு தானாகவே பேசினார்.

"ஒங்கம்மாவுக்குப் பிள்ளை பொறந்து மறுநாளே சன்னி மாதிரி காய்ச்சல். ஆஸ்பத்திரியில போட்டுட்டோம். பிள்ளைய பக்கத்து வீட்ல பாத்துக்கிட்டாங்க. அது போனப்ப அவளுக்கு நெனவே இல்ல. நான்தான் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்து இங்க ஒரு மரத்தடியில பொதைச்சேன். அவ வந்ததும் எடத்தக் காட்டுன்னா. காட்டினா அங்கயே கெடப்பான்னு காட்டல. அப்புறம் மரத்தையெல்லாம் தள்ளிட்டானுங்க. இப்ப எனக்கே தெரியாது."

செருப்பைப் போட்டுக்கொண்டே தொடர்ந்தார். "அவ எதயும் பாக்கலல? அதான் கோயில்ல சொல்லிக்கட்டும்னு விட்டேன். பதினஞ்சு வருசம் விட்டேன்."

"அப்புறம் ஏம்ப்பா அன்னிக்கி நாலு பேருதான்னு சொன்னீங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"நீ சொல்லிட்டியேம்மா" என்றார்.

இதை அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம்தான். எழுபது வயதுக்கு மேல் ஆனவரிடம் போய், ஒன்பது வயதில் உளறியதற்கு எந்த வார்த்தையில் கேட்பது? நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன மாதம் அம்மாவுக்கு வயிற்று வலி என்று ஈப்போவில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நம் தமிழ்ப் பெண் ஒருவர்தான் நர்ஸ். ஃபாரத்தை வைத்துக்கொண்டு வயது, சர்க்கரை, பழைய ஆப்பரேஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"மொத்தம் எத்தனை பிள்ளை பெத்தீங்கம்மா?"

அம்மா வாயைத் திறந்தார். திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"மூணு" என்றேன், அம்மா சொல்வதற்குள்.

நர்ஸ் எழுதினார். அம்மா மேசை மேல் குனிந்து, பேனா பிடித்த அவர் கையைத் தொட்டார்.

"இல்ல மிஸ்ஸி. எம்மக தெரியாம சொல்றா. ரெண்டுதான்."

நர்ஸ் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு மூன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினார்.