ஓரகத்திக் கல்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது வேறு யாருமில்லை, பெரியவளேதான். அதனால் இன்னொருவரைக் குறை சொல்லவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். மாடியறை ஒருத்திக்கு, கீழறை ஒருத்திக்கு, சமையலறை இருவருக்கும் பொது. அதுவரை சண்டை என்று ஒன்று வந்ததில்லை. பெரியவள் சண்டை போடுகிற ஆளும் இல்லை. விசேஷ வீட்டுக்குப் போனால் எந்தத் தூண் தன்னை முழுசாக மறைக்கும் என்று பார்த்து அதன் பின்னால் உட்காருகிறவள்.

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம், விளக்கு வெளிச்சத்தில் பிரேம்கள் பளபளக்கிற இடத்தில், அவளைப் பார்க்க முடியாது. பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை. அங்கே தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸைத் தேய்த்துப் பிரேமுக்குள் அடங்க வைப்பாள். வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டபடி போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தவள் ஒரு படத்தில் நின்றாள். பழுப்பு மண், சிதறிய கற்கள், வெளிறிய வானம், நடுவே ஒரு சக்கரத் தடம். செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு ரோவர் எடுத்த படமாம். எங்கு பார்த்தாலும் ஆளில்லை. 'எப்ப வந்தீங்க, ஏன் பேசவே மாட்டேங்கறீங்க' என்று கேட்க ஒரு ஈ காக்கை கிடையாது. இப்படியும் ஒரு இடம் இருக்கிறதா என்று பெரியவள் சோற்றில் வைத்த கையை எடுக்க மறந்தாள்.

அந்தப் படத்தின் வழியே ஒரு குழு கிடைத்தது. ரோவரை அவர்கள் 'ஆமை' என்றுதான் அழைப்பார்கள். ஆமை ஒரே மூச்சில் பெரிய படம் எடுக்காது. துண்டு துண்டாக எடுத்து அனுப்பும். அந்தத் துண்டுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வந்து விழும். குழுவில் இருப்பவர்கள் அவற்றைப் பொறுக்கி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, நிறம் கொடுத்து, அகலமான ஒரே படமாக ஆக்குவார்கள். ஒட்டுப்படம் என்று பெயர்.

ஒரு வழக்கமும் இருந்தது. ஒரு இடத்தின் துண்டுகள் வந்ததும் முதலில் யார் 'கல் வச்சுட்டேன்' என்று குழுவில் எழுதுகிறாரோ, அந்த இடம் அவருக்கு. 'கையெடுத்துட்டேன்' என்று அவரே எழுதும்வரை இன்னொருவர் தொடமாட்டார். இது எங்கும் சட்டமாக எழுதப்படவில்லை. ஆனாலும் மீறியவர் கிடையாது. குழுவை நடத்தியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கிரேன் அண்ணன். எந்தப் படம் குழுவின் முகப்பில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தான். பெரியவள் செய்த மணல்மேட்டுப் படம் ரொம்பக் காலம் அந்த முகப்பில் இருந்தது. கீழே அவள் பெயர். கடைக்குப் போகிற பேருந்தில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பார்ப்பதற்குள் மூடிவிடுவாள்.

இவ்வளவு சந்தோஷத்தையும் சொல்ல வீட்டில் காது வேண்டாமா? கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். "ஆமையோட சக்கரத்துல ஓட்ட விழுந்துடுச்சுங்க" என்றாள்.

"பஞ்சர் ஒட்ட ஆள் அனுப்பலாமா?" என்று கேட்டுவிட்டு அவன் திரும்பிப் படுத்தான்.

சின்னவளிடம் சொன்னபோது அவள் கண்கள் விரிந்தன. "ஐயோ பாவம்க்கா! அங்க தனியாவா இருக்கு அது?"

அந்த ஒரு கேள்வியில் பெரியவள் உருகிவிட்டாள். துண்டுகளை எங்கே எடுப்பது, ஓரத்தை எப்படிப் பொருத்துவது, நிழலைப் பார்த்து நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாவற்றையும் அடுப்படியில் நின்றே சொல்லிக் கொடுத்தாள். குழுவிலும் சேர்த்துவிட்டாள்.

சின்னவள் பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்காருகிறவள். பயந்துகொண்டு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து உட்கார வைப்பது அவள் வேலை. குழுவில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் அண்ணன், மாமா, டீச்சரம்மா என்று முறை வைத்துவிட்டாள். ஞாயிறு மதியம் குழு கூடிப் பேசுகிற அழைப்பில் பெரியவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சின்னவள் வந்த பிறகு அந்த அழைப்பே அவளுக்காக நடப்பதுபோல ஆனது. வாய் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். கையும் வாய்த்திருந்தது. நிறம் வைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. குருவை மிஞ்சிய சிஷ்யை என்று உலகம் மெச்சும். குருவுக்கு அது எங்கே வலிக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் சின்னவளின் அந்திநேரப் படம் முகப்பில் ஏறியது. "பழச எடுத்துட்டுப் புதுச மாட்டிட்டேன்" என்று கிரேன் அண்ணன் எழுதினார். மனிதர் நல்லெண்ணத்தில்தான் எழுதினார். அந்தப் 'பழசு' பெரியவளின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

கணவன் வேறு வந்து அதில் உப்பைத் தடவினான். "தம்பி பொண்டாட்டி படம் பாத்தேன். சூப்பர். வானம் ரோஜாக் கலர்ல இருக்கு."

"செவ்வாயில ரோஜா எங்க பூத்துச்சு? போய்க் குளிங்க."

அதன் பிறகு சின்னவள் எந்தப் படம் போட்டாலும், எல்லோரும் கைதட்டி முடிக்கும்வரை பெரியவள் காத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு கைதட்டல் வைப்பாள். முன்னாலேயே வைக்க மனசு வராது, வைக்காமல் விட்டாலோ வெளியே தெரிந்துவிடும்.

அந்தச் சமயத்தில் ஆமை ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்று தரையிலிருந்து பார்த்த கண் கிடையாது. விளிம்பு யாருக்குக் கிடைக்கிறதோ அவர் படம்தான் முகப்பு என்று கிரேன் அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"அக்கா, விளிம்பு யாருக்குன்னு நினைக்கறீங்க?" என்று சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"முதல்ல கல் வைக்கறவங்களுக்கு."

"நீங்கதான் வைப்பீங்க பாருங்க."

"ஆமா, நீ விட்டுக் குடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்ப."

சின்னவள் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. விளிம்பு போய்விட்டால் தன் பெயர் இனி முகப்பில் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

துண்டுகள் ஒரு காலை நேரத்தில் வந்தன. சின்னவளின் மருத்துவமனையில் கூட்டம் அலைமோதும் நேரம். பெரியவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, 'கல் வச்சுட்டேன்' என்று எழுதினாள்.

"என்னம்மா, மெஷின் சத்தத்தையே காணோம்?" என்று முன்பக்கத்திலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"தண்ணி நின்னுடுச்சு சார்" என்றாள். குழாய் அவள் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று வந்தது இடது பாதி மட்டும். வலது பாதி மறுநாள் வந்தது. இடையில் ஆமை கொஞ்சம் நகர்ந்திருந்தது. அந்தச் செய்தி துண்டுகளின் அடியிலேயே ஒரு வரியாக இருந்தது. அந்த வரியைப் படிக்காமல் பெரியவள் எதையும் தொட்டதில்லை. ஆனால் அன்று பார்த்து சின்னவளிடமிருந்து ஒரு செய்தி: "அக்கா, கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வலது பக்கத்த நான் பாத்துத் தரேன்."

கஷ்டமா? எனக்கா? அடுப்படியில் நின்று அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவளுக்கா? பெரியவள் பதில் எழுதவில்லை. அந்த வரியையும் படிக்கவில்லை. கோபத்தோடு கோபமாக ஒட்டி, சாயங்காலத்துக்குள் படத்தைப் போட்டுவிட்டாள்.

குழு ஆடிப்போயிற்று. கரும் சரிவு, கீழே அலை அலையாய் மணல், முன்னால் ஒரே உயரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு கற்கள்.

"அடேயப்பா, அந்த ரெண்டு கல்லப் பாருங்க!" என்று கிரேன் அண்ணன் எழுதினார். "நம்ம குழுவுலயும் ஒரே வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்களே. ஓரகத்திக் கல்லுன்னு பேர் வச்சுடுவோம்." குழு தன் வரைபடத்தில் அப்படியே குறித்துக்கொண்டது. படம் முகப்பில் ஏறியது.

சின்னவள் சாப்பிடும்போது படத்தைத் திறந்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கை அப்படியே நின்றது.

"நல்லாருக்குக்கா" என்றாள்.

இத்தனை பேசுகிறவள் ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாளே! எரிகிறது போல, எரியட்டும் என்று நினைத்தாள் பெரியவள். அன்று அவளுக்குப் படுத்ததும் தூக்கம் வந்தது.

மறுநாள் அந்த இரண்டு கற்களை மட்டும் தனிப் படமாக்கிச் சின்னவளுக்கே அனுப்பலாம் என்று மூலத் துண்டுகளை எடுத்தாள். இடது கல்லின் தோளில் ஒரு வெள்ளைக் கீறல். வலது கல்லின் தோளிலும் அதே வெள்ளைக் கீறல், கொஞ்சம் சாய்ந்தாற்போல. அடியிலிருந்த வரியை அப்போதுதான் படித்தாள். இரண்டு கற்கள் இல்லை. ஆமை நகர்ந்ததால் ஒரே கல் படத்தின் இரண்டு பாதியிலும் விழுந்திருக்கிறது. அவள் அதை ஒட்டி ஜோடியாக்கிவிட்டாள். செவ்வாயில் இல்லாத கல்லுக்குப் பெயரும் வைத்தாயிற்று.

அப்புறம்தான் சின்னவளின் நின்றுபோன கை ஞாபகம் வந்தது. அவளுக்குத் தெரியும். பார்த்த அன்றே தெரியும்.

அந்த வாரம் முழுக்கப் பெரியவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குத்தல், ஒரு நமட்டுச் சிரிப்பு, ஏதாவது வருமா என்று. "அந்தக் கல்லு ரெண்டையும் பாத்தியா?" என்று வலிய வாயைக் கிளறினாள். "ம், பாத்தேங்க்கா" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் துணி மடிக்கப் போனாள். சொல்லிக் காட்டினால் சண்டை போடலாம். சொல்லாமல் இருக்கிறவளை என்ன செய்வது?

ஞாயிறு மதியம் இருவரும் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்க் குடுவையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அழைப்பில் உட்கார்ந்தார்கள். ஆமை அந்த இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்து எடுத்த புதுத் துண்டுகள் வந்திருந்தன.

"எல்லாம் சரி. இதுல ஒரு கல்லுதானே இருக்கு? இன்னொன்னு எங்க?" என்று கேட்டார் குழுவிலிருந்த கணக்கு டீச்சர்.

பெரியவள் போனை விட்டுத் தண்ணீர்க் குடுவையைப் பார்த்தாள்.

"அது பின்னால மறைஞ்சிருக்கு டீச்சரம்மா" என்றாள் சின்னவள், சர்வ சாதாரணமாக. "இந்தப் பக்கமிருந்து பாத்தா ஒன்ன ஒன்னு மறைக்கும். நான் கோணம் வச்சுப் பாத்துட்டேன்."

"நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் கிரேன் அண்ணன். டீச்சரும் ஒப்புக்கொண்டார்.

பெரியவளுக்கு உயிர் திரும்பியிருக்க வேண்டும். மாறாக, நெஞ்சில் கொள்ளியை வைத்தாற்போல இருந்தது. தான் கையால் ஒட்டிய படத்தைச் சந்தேகப்பட்ட குழு, இவள் வாயால் சொன்ன பொய்யைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறதே! படமும் இவளுடையதுதான் நன்றாக இருக்கும், பேச்சும் இவளுடையதுதான், இப்போது ஓரகத்தியைக் காப்பாற்றிய புண்ணியமும் இவளுக்கேவா?

"இல்ல. ஒரே கல்லுதான்."

யார் குரல் இது என்று அவளே ஒரு கணம் திகைத்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. "ரெண்டு நாள் படத்த நான் ஒன்னா ஒட்டிட்டேன். நடுவுல ஆமை நகர்ந்துடுச்சு. நான் கவனிக்கல. இவளுக்கு அது அன்னிக்கே தெரியும். எனக்காகப் பொய் சொல்றா."

கிரேன் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "இப்ப பேசினது யாரு?"

"எங்க அக்கா" என்றாள் சின்னவள்.

"அட! அவங்களுக்குப் பேச வருமா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. சிரிப்பு அடங்கியதும் கிரேன் அண்ணன் காரியத்துக்கு வந்தார். "கல்லு பேர வரைபடத்துல அடிச்சுடறேன். படத்த என்னம்மா பண்றது? கையெடுத்துக்கறீங்களா?"

கையெடுத்தால் அடுத்த நொடி யார் கல் வைப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவள் பக்கத்தில் பார்த்தாள். சின்னவள் மேசை விரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எடுக்கல" என்றாள் பெரியவள். "திருத்தித் தரேன்."

அழைப்பு முடிந்ததுதான் தாமதம். "ஏண்டி பொய் சொன்ன?"

"எல்லார் முன்னாடியும் உங்களுக்கு அவமானமா..."

"எனக்கு அவமானம் ஆனா உனக்கென்ன? நல்லவங்கற பேரும் உனக்கே வேணுமா?"

"ஆமா, வேணும்!" சின்னவள் வெடித்தாள். வந்த நாளிலிருந்து அவள் குரல் இப்படி உயர்ந்து பெரியவள் கேட்டதில்லை. "அந்த விளிம்புக்கு நான் எப்படிக் காத்துக்கிட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? கடவாப்பல்லப் பிடுங்க மாட்டேன்னு ஒரு ஆளு ஓடப் பாத்தாரு. அவரைப் பிடிச்சு உக்கார வச்சுட்டு போன எடுத்தா, நீங்க கல் வச்சாச்சு. வயிறு எரிஞ்சுது. கல்லு தப்புன்னு தெரிஞ்சதும் குளிர்ந்துடுச்சு. அப்புறம் ஏன்டா இப்படிச் சந்தோஷப்பட்டோம்னு அசிங்கமா இருந்துச்சு. அதான் பொய் சொன்னேன். போதுமா?"

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பல மாதமாக உள்ளே கனன்றுகொண்டிருந்ததன்மேல் யாரோ ஒரு குடம் தண்ணீரை ஊற்றியதுபோல இருந்தது.

"உனக்கும் எரிஞ்சுதா?"

"போங்கக்கா."

"இல்ல, சொல்லு. ரொம்ப எரிஞ்சுதா?"

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டோரம் துடித்தது, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பெரியவள் பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. வலது பக்கத்த நீ பாரு."

"பேரு?"

"என் பேரு மேல. உன் பேரு கீழ."

"எழுத்து ஒரே அளவுதானே?"

பெரியவள் மூலத் துண்டுகளைத் திறந்து வைத்தாள்.

"அதப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல அந்த வயிறு எரிஞ்ச கதைய இன்னொரு தடவ நிதானமாச் சொல்லு."