நெவெனா பாறைகளை மாற்றி அடுக்கினாள்

நெவெனாவின் மீன்தொட்டியில் பாறைகள் ஓர் இடத்தில் நிம்மதியாக இருந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கு முன்பே, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு வேறு மாதிரி அடுக்குவாள். எங்கள் பிளாக்கில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. வ்ராத்சா ஊர்த் தெருக்களில் டிராலிபஸ் ஓட்டுகிற ஐம்பத்து நான்கு வயதுப் பெண்பிள்ளைக்கு லீவு நாளில் வேறு வேலை கிடைக்கவில்லையா என்று லிஃப்டில் பேசிக்கொள்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களில் ஒருவர்கூட அந்தத் தொட்டியின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தவர் இல்லை.

தொட்டி அவள் வாங்கியது அல்ல. புருஷன் அசேன் வாங்கியது. கூடத்தில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே ஆப்பிரிக்க ஏரி மீன்கள், மஞ்சளும் நீலமுமாக, பாறை இடுக்குகளில் குடியிருந்துகொண்டு ஓயாமல் சண்டை போடுகிற ஜாதி. அசேன் இஸ்கர் ஆற்றிலிருந்து வழவழப்பான ஒரு கரிய கல்லைக் காரில் கொண்டுவந்து, தொட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் செங்குத்தாக நிறுத்தினான். "என் சிகரம்" என்பான். சிகரத்துக்கு நேரே அவன் நாற்காலி. பக்கத்தில் மேஜை. காலிக் கோப்பையை இரண்டு விரலால் முன்னே தள்ளுவான். நெவெனா எழுந்து, ஜன்னலோர அலமாரியிலிருந்து ரகியா என்ற பழச் சாராயப் பாட்டிலை எடுத்து வந்து ஊற்றுவாள். வாயைத் திறந்து கேட்டதுகூடக் கிடையாது. தொட்டிக்குள் மட்டும் அவள் கை வைக்கக் கூடாது. "பஸ் ஓட்டுற கை, கண்ணாடிய ஒடச்சிரும்" என்பான்.

பிறகு ஒரு வசந்தத்தில் கட்டட வேலைக்கென்று ஸ்பெயினுக்குப் போனான். முதலில் வாரம் தவறாமல் ஃபோன் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்ற செய்தி வந்தது, ஃபோன் நின்றுபோனது. நெவெனா நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் மீன்களைக் கழிவறையில் கொட்டிவிடுவது என்று வாளியும் கையுமாகத் தொட்டி முன்னால் போய் நின்றாள். மீன்கள் எல்லாம் கண்ணாடியோரம் ஓடி வந்து அவளைப் பார்த்தன. தீனிக்காகத்தான், வேறு பாசம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அவளைத் தேடி ஓடி வந்தவை அவை மட்டும்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தீனி போட்டாள்.

அந்த நவம்பரில் சிகரம் சாய்ந்தது. இந்த மீன்கள் மணலைத் தோண்டும்; வாய் நிறைய அள்ளி வேறு இடத்தில் துப்பும்; நாள் முழுக்க அதே வேலை. மணல்மேல் நின்ற கல்லுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழி பறித்துவிட்டன. கல் கண்ணாடியில் போய் மோதியது. தண்ணீர் கீழ் வீட்டுச் சமையலறைக் கூரை வழியாக இறங்கியது.

கீழ் வீட்டு தோத்கா துடைப்பக் கட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். "ஏண்டி, மழ பேஞ்சா வானத்துலேர்ந்து பேயணும், ஒன் வீட்லேர்ந்தா பேயும்?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவள், தரையில் துள்ளுகிற மீன்களைப் பார்த்ததும் கட்டையைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். "பாத்திரம் எடுடி, பாத்திரம்! மசமசன்னு நிக்கிறா பாரு!"

நவம்பர் என்பதால் பால்கனியில் முட்டைக்கோஸ் ஊறப்போடுகிற பீப்பாய் கழுவித் தயாராக இருந்தது. அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினார்கள்; மீன்கள் எல்லாம் அதற்குள் போயின. இடம் போதாமல் தோத்காவின் பீப்பாயும் மேலே வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டிலும் முட்டைக்கோஸ் ஊறுகாய் கிடையாது. இந்த ஊரில் இதைவிடப் பெரிய தியாகம் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி மாற்றியபின் நெவெனா தானே பாறை அடுக்கினாள். முதலில் அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நேராகப் பாறை, மணல் கடைசியில். இனி எவ்வளவு தோண்டினாலும் பாறை அசையாது. மலையடிவாரத்துக்குப் போய்ச் சுண்ணாம்புப் பாறைத் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வினிகர் விடுவாள். நுரைத்துப் பொங்கினால்தான் பைக்குள் போடுவாள். இந்த மீன்களுக்கு அந்தச் சுண்ணாம்பு கரைந்த தண்ணீர்தான் சேரும். அசேனின் சிகரத்தின் மேலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது. இத்தனை வருஷம் நடுவீட்டில் நின்றதற்கு மீன்களுக்கு அதனால் காசுக்குப் பயனில்லை.

மாற்றி அடுக்குகிற பழக்கம் ஒரு நீல ஆண் மீனால் வந்தது. அதற்கு 'மேயர்' என்று பெயர் வைத்தவள் தோத்கா. பெரிய பொந்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்தவற்றின் வாலையெல்லாம் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. ஒருநாள் பாசியைத் தேய்க்க நெவெனா பாறைகளை வெளியே எடுத்தாள். சோப்பு போடாமல் வெந்நீரும் பழைய பிரஷும் வைத்துத் தேய்த்துவிட்டு, கை போன போக்கில் அடுக்கினாள். மேயர் தன் பொந்தைத் தேடியது. இல்லை. இருந்த இடத்தில் வெறும் மணல். குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. கடிக்க வேண்டும் என்ற நினைப்பே அதற்கு இல்லை. பயந்து மூலையில் கிடந்த சின்ன மஞ்சள் மீன் வந்து நல்ல பொந்து ஒன்றில் நுழைந்துகொண்டது. நெவெனா ஈரக் கையோடு அப்படியே நின்று பார்த்தாள். அன்றிலிருந்து எந்த மீன் தலை கனத்துத் திரிந்தாலும் பாறைகள் வெளியே வந்துவிடும்.

இப்படியே மூன்று குளிர்காலம் போனது. நான்காவது டிசம்பரில் அசேனிடமிருந்து செய்தி: ஸ்பெயின் முடிந்துவிட்டது, புனித நிக்கோலா நாளுக்கு வீட்டுக்கு வருகிறேன். 'வரட்டுமா' என்று கேட்கவில்லை.

பிளாக் முழுக்க ஒரே நியாயம் பேசியது. வீட்டுக்கு வீடு கெண்டை மீன் சமைக்கிற நிக்கோலா நாள் அன்றைக்கு மீனோடு வாசலில் வந்து நிற்கிற ஆம்பளையைத் திருப்பி அனுப்புவார்களா? தோத்காகூட, "வயசாகுதுடி. சும்மா ஒரு தொணைக்கு இருந்துட்டுப் போறான்" என்றாள். நெவெனா தலையை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினாள். இல்லை என்று அர்த்தம்.

"அவன வரவேணான்னு சொல்லிடுவேன், தோத்கா. அதுக்கு எனக்கு பயமில்ல. அவன் அந்த நாற்காலில வந்து ஒக்காந்து கோப்பையத் தள்ளுவான் பாரு, அப்ப என்னோட கை தானா எந்திரிச்சுப் போயிடும். என் கையத்தான் நான் நம்பல."

"அப்ப என்னடி பண்ணுவ?" என்றாள் தோத்கா.

"பாறைய மாத்துவேன். இந்தப் பக்கம் பிடி."

அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் அந்த வீட்டையே புரட்டிப்போட்டார்கள். ஜன்னலோர அலமாரி கதவுப் பக்கம் போனது. கட்டில் கூடத்துக்கு வந்தது. சாப்பாட்டு மேஜை ஜன்னலுக்குப் போனது. அசேனின் நாற்காலி, ஷூ மாட்ட உட்காருகிற ஆசனமாக வாசலோரம் போய்ச் சேர்ந்தது. "பைத்தியக்காரி" என்று திட்டிக்கொண்டே தோத்கா அலமாரியைத் தள்ளினாள்.

அசேன் பெரிய கெண்டை மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். தலை நரைத்திருந்தான், மெலிந்திருந்தான். அதைப் பார்த்து நெவெனாவின் மனம் இளகியது. இளகவில்லை என்று சொன்னால் பொய். அக்ரூட் பருப்பும் வெங்காயமும் அடைத்து மீனை அடுப்பில் வைத்தாள். அவன் கூடத்துக்குப் போனான். தொட்டிக்கு நேரே உட்காரப் போனவன் கட்டிலில் இடித்துக்கொண்டான். திரும்பினான். கோட்டு மாட்டுகிற ஆணியைத் தேடினான். அந்தச் சுவரில் இப்போது படம் தொங்கியது. கோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றான்.

"என்னடி இது, வீடு மாறி வந்துட்டேனா?"

"வீடு அதேதான்."

"நான் எங்க ஒக்கார்றது?"

"எங்க எடம் இருக்கோ அங்க."

ஜன்னலோர மேஜையின் முனையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தோத்காவும் வந்து உட்கார்ந்தாள், அழைக்காமலே. சாப்பிட்டார்கள். மீன் நன்றாக இருந்தது. அசேன் பழைய கதைகள் இரண்டு சொன்னான், தோத்கா சிரித்தாள், நெவெனாவும் சிரித்தாள். அப்போதுதான் அவன் காலிக் கோப்பையை இரண்டு விரலால் முன்னே தள்ளினான்.

நெவெனா எழுந்தாள். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்தாள், எழுந்ததே அவளுக்குத் தெரியாது. இரண்டடி நடந்து, அலமாரிக் கைப்பிடி இருந்த உயரத்துக்குக் கையை நீட்டினாள். கை வெறும் சுவரில் போய் மோதியது.

விரல்கள் சுவரில் பதிந்தபடி அங்கேயே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றான் அசேன்.

"ஒண்ணுமில்ல. பாட்டில் கதவுகிட்ட இருக்கு. போறப்ப ஒரு வாய் ஊத்திக் குடிச்சிட்டுப் போ. ஒன் தங்கச்சி வீட்டுக்குக் கடைசி பஸ் இன்னும் போகல. நேரம் எனக்குத் தெரியும், அதே லைன்லதான் ஓட்றேன்."

"நெவெனா, இது என் வீடும்தான்."

"வீட்டப் பத்திப் பேசணும்னா வக்கீலோட பகல்ல வா, பேசுவோம். எனக்கு இனி புருஷன் வேணாம். இத அந்த அலமாரிய நகத்துறதுக்கு முன்னாடியே நான் சொல்லியிருக்கணும்."

அசேன் தோத்காவைப் பார்த்தான். தோத்கா மீன் முள்ளை மும்முரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து கோட்டைப் போட்டான், வாசலோரத்தில் தன் சொந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஷூவை மாட்டினான். தொட்டிக்குள் பாறைகள் வேறாக இருப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

"என் கல்லு எங்க? சிகரம்?"

"பால்கனில. முட்டைக்கோஸ் பீப்பாய்ல."

"அத எதுக்குடி அங்க போட்ட?"

"முட்டைக்கோஸ் மெதக்காம அமுக்க ஒரு கல்லு வேணும்ல. புளிப்புல பொங்காத கல்லா வேணும். அது எதுக்கும் பொங்கல, எதுக்கும் கரையல. அந்த வேலைக்கு ரொம்ப நல்லா இருக்கு, அசேன்."

"அது என்னுது. கொண்டா, எடுத்துட்டுப் போறேன்."

"இப்ப முடியாது, ஊறிக்கிட்டிருக்கு" என்று கதவைத் திறந்து பிடித்தாள் நெவெனா. "ஏப்ரல்ல முட்டைக்கோஸ் தீந்துரும். அப்ப வந்து வாங்கிக்கோ."