நான் கேட்காத கேள்வி

ஊசியைத் தொடுமுன் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது, அந்த அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திய நொடியில்தான்.

கம்பத்தில் பார்லர் திறந்த புதிது. புருவத்தில் ஊசியால் நிறம் ஏற்றும் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் பெருமையாக மாட்டியிருந்தேன். சுருளிப்பட்டியிலிருந்து கல்யாணப் பெண்ணும் அவள் அக்காவும் பன்னீர் திராட்சையோடு வந்தார்கள். அக்காவுக்கு முடித்தபோது, பெட்டியில் புது ஊசி இல்லை.

"அதுக்கென்ன, நாங்க ஒரே சீப்புல தல சீவுறவகதான!" என்று தங்கை சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே அதே ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்தேன்.

அக்கா கையைப் பிடித்தார். "வேணாம் ஆத்தா. என் ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்குன்னு பிரசவத்தப்ப டாக்டர் சொன்னாக. இவளுக்குக்கூடத் தெரியாது. நீயும் கேக்கலையே!"

அந்த ஊசியைக் குப்பையில் போட்டேன். தங்கை ஒரு திராட்சையை அக்காவுக்கு ஊட்டிவிட்டு, அதே கொத்தில் தானும் ஒன்று பறித்துத் தின்றாள். இன்றும் பன்னீர் திராட்சை வாசத்தில் அந்த மதியம் திரும்பி வருகிறது.

என் பார்லர் உரிமத்துக்கான படிவத்தில் ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் ஏழு கேள்விகளை நானே எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் அவற்றோடு ஊரின் மற்ற பார்லர்களில் ஏறி இறங்கப்போகிறேன். ரத்தத்தில் ஏதாவது கிருமி உண்டா என்ற முதல் கேள்வியை மட்டும், கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் கேட்கச் சொல்வேன்.