திருவலையில் நாலு விரல்

எருக்கலம்பிட்டி ஸீனத்தைப் பற்றிக் கொழும்பில் படித்தவர்கள் பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். வெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அவர் படம் கீறும்போது பின்னால் கதிரை போட்டுப் பதினொரு நாள் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறானே என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

என் பெயர் தோமஸ். பள்ளிமுனையில் தோமஸ் ஓடாவி என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் பட்டறையைக் காட்டும். மன்னாரில் எத்தனை வீடுகளின் கதவும் நிலையும் என் கைவேலை என்று எனக்கே கணக்கில்லை. மேசை, அலுமாரி, கோவிலுக்குப் பாவசங்கீர்த்தனக் கூடு, சவப்பெட்டி, எல்லாம் செய்தேன். ஒருவரிடமும் கைகட்டி நின்று மரவேலை படிக்கவில்லை. ஒருதரம் பார்ப்பேன். அடுத்த தரம் செய்தவனைவிடத் திறமாகச் செய்வேன்.

ஸீனத் 2012 இல் முதன்முதலாகப் பட்டறைக்கு வந்தார். படத்துக்குச் சட்டம் அடிக்க வேண்டும் என்றார். அவருடைய கணவர் ஆதம்பாவா ஆட்டோவிலிருந்து படத்தை இறக்கித் துணியை விலக்கினார். அரிசி அளக்கிற சுண்டு, பழைய தகரப் பேணி ஒன்று. வேறொன்றும் இல்லை. வாயில் ஒரு நெளிவு, அடியில் துரு. இதென்ன, சுண்டையும் சேர்த்துக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அதை எடுக்கக் கையை நீட்டினேன். விரல் படத்தில் முட்டியது.

ஆதம்பாவா விழுந்து விழுந்து சிரித்தார். "வெக்கப்படாதீங்கோ ஓடாவியார். நான் ஒருநாள் இவ கீறின பிளேன்ரீயைக் குடிக்கப் போனனான்."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. "சுண்டு வீட்டில கிடக்குத்தானே பிள்ளை. பிறகேன் அதுக்கொரு படம்?" என்று கேட்டேன்.

"வீட்டில கிடக்கிறதை ஆர் பாக்கிறாங்க?" என்றார் ஸீனத்.

அந்தச் சுண்டுதான் அவருடைய வாழ்க்கை. தொண்ணூறாம் ஆண்டு போருக்குள் முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி, எருக்கலம்பிட்டிச் சனம் முழுவதும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தபோது ஸீனத்துக்குப் பன்னிரண்டு வயது. அவருடைய உம்மா உம்மு ஸல்மா அடுப்படிக்குள் ஓடிக் கையில் அகப்பட்டதைச் சீலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். வள்ளம் நடுக்கடலுக்குப் போன பிறகு பிரித்தால் சுண்டு. நகைப்பெட்டி வீட்டிலேயே இருந்துவிட்டது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து நிவாரண அரிசியை அந்தச் சுண்டால் அளந்தார்கள். அளந்து கொட்டியதும் ஒருமணி அரிசியும் ஒட்டியிருக்கக் கூடாதென்று உம்மா வாளி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாராம். வாயில் இருந்த நெளிவு அப்படி வந்தது.

முகாமில் பின்னேரங்களில் பெண்கள் கூடியிருந்து விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கதைப்பார்கள். எங்கட முன்கதவு பச்சை என்பார் உம்மா. இல்லை, நீலம் என்பார் சாச்சி. இருவரும் அந்த ஒரே கதவால் போய்வந்து வளர்ந்த சகோதரிகள். சண்டை வந்து, சண்டை அழுகையாகி, ஒரு கிழமை முகம் பார்க்காமல் இருப்பார்களாம். இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. இரண்டு பேரும் அதற்கு முன்பே மௌத்தாகிப் புத்தளத்திலேயே அடங்கிவிட்டார்கள்.

"அந்தக் கொட்டிலுக்குள்ள இருந்து முடிவெடுத்தனான் ஓடாவியார்," என்று ஒருநாள் ஸீனத் சொன்னார். "கண்ணுக்கு முன்னால இல்லாததைக் கீறவே மாட்டன்."

அது ஒன்று. உயிருள்ளதைக் கீறுவதும் இல்லை. மார்க்கத்தில் ஆகாதென்று தானே எடுத்துக்கொண்ட முடிவு. மனிதரும் இல்லை, காகமும் இல்லை. மீன் மட்டும் கீறுவார். பள்ளிவாசலடியில் ஒரு பெரியவர், "மீனுக்கும் உயிர் இருக்கில்லையா மகள்?" என்று கேட்டாராம். "உங்கட கறிச்சட்டிக்குள்ள கிடக்கிறதுக்குமா?" என்றாராம் ஸீனத். பெரியவர் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம்.

படம் கீறத் தொடங்கியதும் புத்தளத்தில்தான். பள்ளிக்கூடத்துச் சித்திர ரீச்சர் பாவித்து மிஞ்சிய ஒயில் பெயின்ற் குழாய்களைக் கொடுத்தார். கோதுமை மா மூட்டையைப் பிரித்து, பசையும் சோக்குத் தூளும் குழைத்துப் பூசி, அதில் கீறினார். கொஞ்சக் காலம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். பிறகு கொழும்பில் ஒரு டொக்டர் முதல் படத்தை வாங்கினார். இப்போது லண்டனில் யார் யாரோ வீட்டுச் சுவரில் எங்கள் மன்னார்ச் சட்டியும் அகப்பையும் தொங்குகின்றன. எல்லாம் பாவித்த சாமான். புதுச் சாமான் கீறியதை நான் காணவில்லை. வருடம் ஒருமுறை சுண்டைத் திரும்பக் கீறுவார். துரு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் படத்தில் ஏறும். அவர் படங்களுக்கு நான்தான் சட்டம். நான் அடித்த சட்டத்தில் மூலை நீங்கியதென்று லண்டனிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

என் மனைவி எடித்துக்கு ஸீனத் என்றால் உயிர். சட்டம் எடுக்க வந்தால் அடுப்படியில் இருத்தி வைத்துக் கதைப்பாள். எடித் திருவலையில் குந்தி இருந்து தேங்காய் திருவிக்கொண்டே கதைக்க, ஸீனத் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் திருவலை எங்கள் கலியாண வருடம் நான் முதிரைப் பலகையில் செய்தது. நாற்பத்தாறு வருடம் ஒரு மூட்டும் அசையவில்லை.

போன வருடம் மடு மாதா திருவிழா முடிந்த ஒன்பதாம் நாள் எடித் போய்விட்டாள். சீனி வியாதி. ஊருக்கெல்லாம் பெட்டி செய்தவன், அவளுடைய பெட்டிக்கு மூடி பொருத்தும்போது அளவைத் தவறவிட்டேன். வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான்.

அவளுக்கு நல்ல படம் ஒன்று இல்லை. கலியாணப் படங்கள் நாங்கள் சண்டைக்கு இடம்பெயர்ந்தபோது போயின. அடையாள அட்டையில் மிரண்ட முகம். மகளின் கலியாண வீடியோவில் சமையல் பக்கம் ஓடுகிற முதுகு. ஆண்டுப் பூசைக்கு வீட்டில் ஒரு படம் வைக்க வேண்டும், அதை ஸீனத் கீற வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. ஆடி மாதம் தலைமன்னார் பஸ் ஏறி எருக்கலம்பிட்டிக்குப் போய்க் கேட்டேன்.

"முகம் கீறமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே," என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "அக்கா பாவிச்ச சாமான் ஒண்டு கொண்டு வாங்கோ. அதை நான் கீறித் தாறன்."

திருவலையைத் தவிர வேறு எது? வீட்டுக்கு வந்து அதை எடுத்துப் பார்த்தேன். இருக்கிற இடம் கறுத்து, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிப் பிசுபிசுத்துக் கிடந்தது. இதையா படத்துக்குக் கொண்டுபோவது? பெருநாள் வந்தால் மாதா சுரூபத்துக்குப் புதுப் பெயின்ற் அடிக்காமல் கோவிலை விட்டு வெளியே எடுப்போமா? பள்ளிமுனையில் பிறந்த எவனும் எடுக்கமாட்டான். அந்தச் சுரூபங்களுக்கு முப்பது வருடமாகப் பெயின்ற் அடிப்பவனே நான். இரண்டு நாள் முழுக்கச் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். கறுப்புப் போய் முதிரையின் மஞ்சள் வெளியே வந்தது. மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். முகம் தெரிந்தது. எடித் கண்டிருந்தால் அசந்துபோவாள் என்று நினைத்தேன்.

புது வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன்.

ஸீனத்தின் அறையில் வடக்கு ஜன்னல் ஒன்றுதான் திறந்திருக்கும். வடக்கு வெளிச்சம் பகல் முழுவதும் அதிகம் மாறாது. மற்ற ஜன்னலுக்குச் சீமெந்துப் பேப்பர் ஒட்டியிருந்தார். ஜன்னலோரம் ஒரு பக்கம் திறந்த பெட்டி, உள்ளே கறுப்பு. நான் செய்து கொடுத்தது. கீறுகிற சாமானை அதற்குள்தான் வைப்பார். திருவலையை வைத்தார். குனிந்து பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார்.

"ஓடாவியார், இது புதுசு."

"என்ன பிள்ளை விசர்க்கதை. எங்கட கலியாணத்துக்குச் செய்தது."

"அக்கா எழும்பேக்க கை ஊண்டுவா. ஓரத்தில நாலு விரல் கறுப்பாய்ப் பதிஞ்சு கிடந்துது. வரேக்கெல்லாம் நான் அதைத்தான் பாக்கிறனான்." என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அது எங்க?"

நான் தேய்த்தது அதைத்தான். ஆனாலும் வாய் விடவில்லை. "நீங்கள் கீறுறது உயிரில்லாத சாமான்தானே? இதைக் கீறுறதுக்கு என்ன?"

"கீறலாம். இந்த மினுக்கத்தை நல்லாக் கீறுவன். ஆனா அது உங்கட கை. அக்காட கை இல்லை."

"அப்ப நான் சொல்லுறன். விரல் இருந்த இடத்தை நான் சொல்லச் சொல்லக் கீறுங்கோ. நீங்களும் கண்டனீங்கள்தானே."

"நான் கண்டதைக் கீறமாட்டன் ஓடாவியார். காணுறதைத்தான் கீறுவன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "சரி, எந்தப் பக்கம் இருந்துது? சொல்லுங்கோ பாப்பம்."

"வலது பக்கம்," என்றேன். சொன்ன உடனேயே, இல்லை, இடது என்று தோன்றியது. எடித்துக்கு வலது முழங்கால்தான் நோ. அப்படியானால் எந்தக் கையை ஊன்றியிருப்பாள்? கண்ணை மூடிப் பார்த்தேன். தேங்காய்ப்பூ விழுகிற சத்தம் கேட்டது. அவள் கை தெரியவில்லை. மரத்தைக் கண்ணால் பார்த்து அரை அங்குலம் பிசகாமல் அளவு சொல்கிறவன் நான். நாற்பத்தாறு வருடம் அவளோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா பிள்ளை?"

"எனக்குத் தெரிஞ்சது இடது. ஆனா எங்கட உம்மாவுக்கும் சாச்சிக்கும் கதவு தெரிஞ்சிருந்துதுதானே," என்றார் ஸீனத்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவளுடைய அலுமாரிக்குப் போன வருடம்தான் பொலிஷ் போட்டேன். அகப்பைக் காம்புக்கு அதற்கு முந்திய வருடம். செபமாலைப் பெட்டிக்கு மூடி மாற்றினேன். அவள் தொட்டுத் தொட்டு வைத்திருந்ததையெல்லாம் நான் பின்னாலேயே போய்த் துடைத்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் அவள், "சும்மா விடுங்கோவன் இஞ்சேர்," என்று சொல்வாள். எனக்குக் கை சும்மா இருக்காது.

பட்டறைக்குள் போய் நின்றேன். பாவித்த சாண்ட் பேப்பரை நான் எறிவதில்லை; சட்டத்துக்குக் கடைசித் தேய்ப்புக்கு உதவும் என்று பெரிய பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைப்பேன். மேலே கிடந்தது திருவலையைத் தேய்த்த துண்டு. மூன்றாய் மடித்தது. பேப்பரில் மண் தெரியாமல் கறுப்பு அப்பிப் போயிருந்தது. மூக்கடியில் பிடித்தேன். பழைய தேங்காயெண்ணெய் மணம். பட்டறைத் தரையில் இருந்து அழுதேன். ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அதைக் கொண்டுபோனேன். ஸீனத் கையில் வாங்கவில்லை. "நீங்களே பெட்டிக்குள்ள வையுங்கோ. மடிப்பை நிமித்தாதீங்கோ," என்றார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லுகிறேன். முதல்நாள் துணி முழுவதும் மண்ணிறத்தை மெல்லிதாகப் பூசிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலையில் கட்டுகிற ஈயக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலோடு பார்த்துக் கோடு பிடித்தார். எங்கள் ஓடாவித் தூக்குக்குண்டும் இதே வேலைதான். சாமான் எவ்வளவோ படமும் அவ்வளவு, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. கண்ணை அரைவாசி மூடி, முதலில் இருட்டை வைத்தார். அந்தக் கறுப்புக்குக் கறுப்புப் பெயின்ற் தொடவே இல்லை. நீலமும் மண்ணிறமும் குழைத்து, அதற்குள் ஒரு பொட்டுச் சிவப்பு. ஒரு பூச்சுக் காயும்வரை மற்ற மூலைக்குப் போவார். ஐந்தாம் நாள் சோளகக் காற்று அடித்து மணல் பறந்து ஈரப் படத்தில் ஒட்டியது. நான் துடைக்க எழும்பினேன்.

"இருங்கோ ஓடாவியார்!" என்று சத்தம் போட்டார். "உங்களுக்குத் துடைக்காமல் இருக்கேலாதா?"

இருந்தேன். ஆதம்பாவா வாசலில் நின்று, "பாருங்கோ, வீட்டில எனக்கும் இதே ஏச்சுத்தான்," என்றார். மூவரும் சிரித்தோம். எடித் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசியாக வெளிச்சத்தை வைத்தார். மடிப்பின் ஓரத்தில், கறுப்பு அப்பாமல் தப்பியிருந்த சில மண்மணிகளின் மினுக்கம். பதினோராம் நாள் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, "அக்காட கை இவ்வளவுதான் மிச்சம்," என்றார். என் உள்ளங்கை அளவுப் படம்.

அதற்கு முதிரையில் சட்டம் அடித்தேன். பொலிஷ் போடக் கை துடித்தது. போடவில்லை.

ஆண்டுப் பூசை முடிந்து சனம் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. படத்தை மெழுகுதிரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். சொந்தத்தில் ஒருத்தி, "எடித் அக்காட படமெண்டியள் அண்ணை, இதென்ன ஊத்தைக் கடதாசி?" என்று கேட்டாள். மன்னாரில் என்னோடு வாய்கொடுத்து வென்றவர் இல்லை. அன்றைக்கு நான் படத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸீனத் மூலையில் கதிரையில் இருந்தார். எழும்பி வந்து, சாய்ந்திருந்த மெழுகுதிரியை நேராக்கிவிட்டுப் போய் இருந்தார்.

இப்போது தேங்காய் நானே திருவுகிறேன். அடுப்படியில் அவள் இருந்த இடத்திலேயே திருவலையைப் போட்டு இருப்பேன். வலது பக்கம் சுவர். கையை ஊன்ற அங்கே இடமில்லை. எழும்ப வேண்டுமென்றால் இடது கையைத்தான் ஊன்ற வேண்டும். இதை அறிய எனக்கு ஒருநாள் அங்கே குந்தியிருக்க வேண்டியிருந்தது. அவள் இருந்த காலத்தில் ஒருநாளும் குந்தவில்லை.

ஸீனத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "இடதுதான் பிள்ளை. நீங்கள் சொன்னது சரி." பிறகு, "கதவைப் பத்தி உம்மா சொன்னதும் சரியாத்தான் இருக்கும், என்ன ஓடாவியார்?" என்றார்.

ஓம், சரிதான் என்றேன். வேறென்ன சொல்ல?

இடது ஓரத்தில் வார்னிஷ் மங்கத் தொடங்கியிருக்கிறது. குனிந்து பார்த்தேன், நாலு விரல். என்னுடையவை.